கோடு தொடங்குமுன்

முள்ளூருக்குக் கீழே மூன்றாம் வளைவு.
டேப்பின் ஒரு முனை போஜன் கையில்,
மறுமுனை என்னிடம்.
மழை விட்டிருந்தது. தைல மரத்து இலைகள்
சின்னச் சின்ன அரிவாள்களாய்த் தாரில் ஒட்டிக் கிடந்தன.
ஈரத்தில் ரப்பர் கறுப்பாக எழுதாது;
துணியால் துடைத்தாற்போல்
வெளிறிய இரட்டைக் கோடு, தடுப்புச் சுவர் வரை.

"பத்தொன்பது மீட்டர் மேடம்."

ஓட்டிவந்த குணாளன் அவிநாசிக்காரர்.
"நாப்பதத் தாண்டவே இல்லீங்க,
எங்கம்மா மேல சத்தியம்."
சத்தியத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ரோட்டின் பிடிமானத்துக்கு உண்டு, சரிவுக்கு உண்டு,
உள்ளே மடங்கிப்போன பானட்டுக்கு உண்டு.
பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால்
ஐம்பத்து நான்கு.

"பதினாலுதானே கூட" என்கிறார் போஜன்.

வேகம் அப்படிக் கூடுகிற சரக்கில்லை.
இரண்டு மடங்கு வாங்கினால்
நான்கு மடங்கு ரோடு கேட்கும்.
நாற்பதில் வந்திருந்தால்
சுவருக்கு எட்டு மீட்டர் முன்னாலேயே நின்று,
யாராவது இறங்கி டயரை ஒரு உதை உதைத்துவிட்டு,
குஞ்சப்பனையில் பலாச்சுளை விலை கேட்டிருப்பார்கள்.

முன்சீட்டில் மடியில் குழந்தை. பன்னிரண்டு கிலோ.
"இறுக்கித்தான் புடிச்சிருந்தேன்" என்றாளாம் தாய்,
கோத்தகிரி ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுப் போட்ட கையோடு.
பொய்யில்லை. இறுக்கித்தான் பிடித்திருப்பாள்.
சுவரைத் தொடும்போது முப்பதாகக் குறைந்துவிட்ட வேகம்
அந்தச் சின்ன உடம்பு நிற்பதற்குக் கொடுத்த இடம்
அரைச்சாண்.
அந்த இமைப்பில் குழந்தையின் எடை
நானூறு கிலோவுக்கு மேல்.
கேத்தியில் கழுவி லாரியேற்றும் கேரட்
ஆறு மூட்டை.
எந்த மடி தாங்கும்?

காறையெலும்பு மட்டும்தான் என்றார்கள்.
நெற்றியில் ஏழு தையல்.
அந்த 'மட்டும்'
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

பிறகு மேலே நடந்தோம்.
வளைவு திரும்பியதும் காட்டெருமை கண்ணில் படுகிற இடம்,
பாதி மண்ணில் புதைந்த கிலோமீட்டர் கல்.
அங்கிருந்து கோடு தொடங்கும் வரை
பதினைந்து மீட்டர்.
அதில் ஒன்றுமே இல்லை.
கண் கண்டதைக் கால் கேள்விப்படும் வரை
கார் தன்பாட்டுக்கு ஓடிய தூரம்.
யாருக்கும் ஆகிற ஒரு வினாடி,
வெறும் தார்.
"இதையுமா எழுதணும்?" என்றார் போஜன்.
வரைபடத்தில் அதற்கொரு அம்புக்குறி போட்டேன்.

ஐந்தரை மணிக்கு அரவேணு ஏறும்போது மூடுபனி.
ஜீப்பில் நான் மட்டும்.
தேயிலை மூட்டை ஒன்று தலைக்குமேல் அசைந்து வந்தது,
பிறகுதான் அதன் கீழே ஒரு பெண்.
பிரேக்.
பம்பருக்கும் அவள் புடவைக்கும் நடுவே
ஒரு கை நீட்டலாம்.
அவள் முறைத்துவிட்டுக் கடந்துபோனாள்.

இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
என் டயர் எழுதியது ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
அதற்குப் பின்னால் டார்ச்சைத் திருப்பினேன்.
முள் முப்பத்தாறில் இருந்ததாக ஞாபகம்.
முப்பத்தாறு என்றால் வினாடிக்குப் பத்து மீட்டர்,
பேப்பர் வேண்டாத கணக்கு.

அந்தப் பத்து மீட்டரும் நான்
கேரட் மூட்டை ஆறா, ஆறரையா என்று
வகுத்துக்கொண்டிருந்தேன்.