மூன்றுக்கு ஒன்று

மூன்று கிலோ முந்திரிக் கொட்டைக்கு
ஒரு கிலோ அரிசி என்று
பலகையில் சாக்பீஸால் எழுதினேன்.
விலை வைத்தவரை நான் பார்த்ததில்லை.
தொலைபேசியில் ஒரு எண் வரும்,
அதைப் பலகைக்கு மாற்றுவது என் உத்தியோகம்.

கினியா-பிசாவ், மே மாத மத்தியானம்.
லாரியின் நிழல் லாரிக்கே போதவில்லை.
செகுந்தா நா பீனா
தலைமூட்டையை இறக்கிவிட்டு
முள் நிற்கும்வரை மூச்சை அடக்குகிறாள்,
மூச்சுக்கும் கழிவு பிடிப்பேன் என்பதுபோல.

அறுபத்தோரு கிலோ.
ஈரத்துக்கு நாலு, சாக்குக்கு ஒன்று.
ஐம்பத்தாறுக்குப் பதினெட்டரை அரிசி.

"போன வருஷம் கழிவு போக நாற்பதுதான்.
இரண்டுக்கு ஒன்று,
இருபது கிலோ வாங்கிப் போனேன்.
இந்த வருஷம் மரம் கூடுதலாகக் காய்த்தது,
நான் கூடுதலாகக் குனிந்தேன்.
அரிசி எப்படிக் குறைந்தது?"

சொல்லியிருக்கலாம்:
உனக்குக் காய்த்த வருஷம்
எல்லைக்கு அப்பாலும் காய்த்தது,
கடலுக்கு அப்பாலும் காய்த்தது.
தின்கிறவனுக்கோ ஒரு சாண் வயிறு.
சம்பளம் இரட்டித்தால்
இன்னொரு கைபேசி வாங்குவான்,
இன்னொரு ராச்சாப்பாடு சாப்பிடமாட்டான்.

"ஈரம் அதிகம்" என்றேன்.

அரிசிச் சாக்கில் ஒரு வெள்ளை யானை,
நாங்கள் வாசிக்கத் தெரியாத எழுத்து.
செகுந்தாவின் சதுப்பு வயலில்
கடல் வரப்பை உடைத்து ஒன்பது வருஷம்.
அடைக்க வேண்டிய கைகள்
முந்திரித் தோப்பில் இருந்தன.
நெல் இருந்த இடத்தில் இப்போது நண்டு.

துறைமுகம் போகிற வழியில்
பூட்டிய ஓர் ஆலை இருக்கிறது.
அங்கே பதினோரு நாள் மேற்பார்வையாளனாக இருந்தேன்.
முதல் நாள் ஆறு கிலோ உடைத்த பெண்
பதினோராம் நாள் பன்னிரண்டு உடைத்தாள்.
மரம் அப்படிக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.
பன்னிரண்டாம் நாள் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
வங்கியில் கடன் கிடைத்தபோது
கொட்டை எல்லாம் கப்பலேறியிருந்தது,
ஓட்டோடு.

கத்திகளில் கிரீஸ் இன்னும் காயவில்லையாம்.
காவல்காரன் சொன்னான்.
அவனுக்கும் சம்பளம் அரிசிதான்.

செகுந்தா போய்விட்டாள் என்று நினைத்தேன்.
தராசுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.
சிந்திய கொட்டை மூன்றை
துடைத்து, என் கணக்கு நோட்டின்மேல் வைத்தாள்.

"ஒரு அரிசி கொடு."

சிரிப்பாளா என்று முகத்தைப் பார்த்தேன்.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
யானைச் சாக்கின் தையலைக் கொஞ்சம் பிரித்து
விரல் விட்டேன்.