இரண்டு கம்பி

பேப்பர் மில்ஸ் சாலையில், மருந்துக் கடைக்கும்
பால் பூத்துக்கும் நடுவே
பத்துக்கு எட்டடியில் என் இ-சேவை மையம்.
வெள்ளைக் கம்பி அரசாங்கத்தினுடையது,
சான்றிதழ் தளம் தவிர வேறெதையும் திறக்காது.
நீலக் கம்பி கேபிள்கார எட்வின் இழுத்தது,
எல்லாம் திறக்கும், அதைத் தவிர.
இருப்பதோ ஒரு கணினி.
ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகி
ஆறே மாதத்தில் இரண்டின் கொக்கியும் உடைந்து
செலோடேப்பில் நிற்கின்றன.

ரிச்சி தெருவிலிருந்து ஜாபருல்லா
இன்னொரு கார்டு வாங்கிவந்தார்.
நானூற்றைம்பது, பில் கிடையாது.
மூடியைக் கழற்றினால் பல்லி முட்டை ஓடு,
யாருடையதோ ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
ஊதிவிட்டு மாட்டினார்.
இரண்டு விளக்கும் பச்சையாய்ச் சிமிட்டின.
எந்தத் தளமும் வரவில்லை.

"ரெண்டு பேரும் நான்தான் வாசல்ங்கிறாங்க.
இது எந்தப் பக்கம்னு போவும், பாவம்?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் டோக்கன் ஏழும் எட்டும்.
வாரிசுச் சான்றிதழ்.
சும்மா இருப்பானேன் என்று தாள்களைச் சரிபார்த்தேன்.
ஏழு தந்ததைப் படித்து வைத்துவிட்டு
எட்டினுடையதை வாங்கினால்
அதே மாசிலாமணி, அதே ஸ்டான்லி ஆஸ்பத்திரி,
அதே விடியற்காலை நாலு பத்து.
கணவர் பெயர், கணவர் பெயர்.

மெல்ல நிமிர்ந்தேன்.
அவர்களுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருந்தது.
ஒரே ஆட்டோவில்தான் வந்திருந்தார்கள்,
நூற்றைம்பது கேட்டவனோடு
இருவருமாய்ச் சண்டை போட்டு.

"காலை ஷிப்ட் வாரம் எங்க வூட்ல," என்றது ஏழு.
"நைட் ஷிப்ட்டுன்னா கொளத்தூர்.
சாப்பாட்டு டப்பா மட்டும்
ரெண்டு எடத்துக்கும் ஒண்ணுதான்."

ஜாபருல்லா திரையை விட்டுத் திரும்பவில்லை.
"மெட்ரிக்னு ஒரு நம்பர் இருக்கு மேடம்.
யாருக்குச் சின்னதோ அவங்க வழியாத்தான் மொதல்ல போவும்."
"அப்போ நான்தான்," என்றது ஏழு.
எட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
காரியம்கூட முடியாத வீட்டுச் சிரிப்பு,
தலைப்பால் உடனே மூடிக்கொண்டாள்.

நம்பர் சரிவரவில்லை.
கடைசியில் வெள்ளைக் கம்பியின் வாசலையே அழித்தார்.
கட்டம் காலியானது.
பிறகு கறுப்புத் திரையில் ஒரு வரி:
பத்தில் தொடங்கும் முகவரியெல்லாம் வெள்ளை வழியே,
மீதி உலகம் நீல வழியே.
வரி முடிவில் ஒரு கோடு, ஒரு பி.
"இத வுட்டீங்கன்னா
அணைச்சுப் போட்டதும் மறந்துரும்."

தளம் திறந்தது.
உறவு என்று கேட்ட இடத்தில்
மனைவி, மகன், மகள், தாய் என்று ஒரு பட்டியல் விரிந்தது.
மனைவி என்று ஏழை ஏற்றினேன்.
மனைவி என்று எட்டை ஏற்றப் போனேன்.
'ஏற்கெனவே உள்ளது' என்றது சிவப்பில்.

எட்டு, ஸ்க்ரூவைப் பொறுக்கிக்கொண்டிருந்த
ஜாபருல்லாவைப் பார்த்தாள்.
"தம்பி, அதுல ஒரு வரி அடிச்சீங்களே,
அந்த மாதிரி இதுல…"
அவர் ஸ்க்ரூவைத் தேடுவதிலேயே மும்முரமானார்.

அப்போது கரண்ட் போனது.
யூபிஎஸ் நாலு முறை கத்திவிட்டுச் செத்தது.
இருட்டில் யாரோ ஒருத்தி
விசிறிக்கொண்டாள் இறப்புச் சான்றிதழால்.
பத்து நிமிடம்.

திரும்பி வந்தபோது
இரண்டு விளக்கும் பச்சை. வழி மறக்கவில்லை.
படிவம்தான் மறந்திருந்தது,
முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தது மறுபடி:
இறந்தவர் பெயர்?

"மாசிலாமணி," என்றாள் ஒருத்தி.
"மணி," என்றாள் ஒருத்தி.
நீளமானதைத் தட்டினேன்.