சிவப்புப் புள்ளி

நின்ற இடத்திலேயே நடக்கிற மிஷின் ஒன்று
கோட்டையூர்ப் பெரிய வீட்டிலிருந்து
காஜாவின் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது.
பெல்ட் கிழிசல். கைப்பிடியில் வியர்வை அரித்த துரு.
மோட்டார், அதன் பச்சைப் பலகை, வேகக் குமிழ்
மூன்றும் சேர்த்து ஏழு கிலோ முந்நூறு.
தராசுத் தட்டில் அவன் விரல் படுகிறதா என்று நானும்
என் விரல் படுகிறதா என்று அவனும்
பார்த்துக்கொண்டோம்.

"இது எதுக்கு?" என்றாள் அடைக்கலமேரி.

இருபத்தாறு வருடம் புதுவயல் அரிசி ஆலையில்
பெல்ட் மாட்டியவனிடம் கேட்கிற கேள்வியா?
ஆனாலும் பதில் இல்லை.
ஆலையில் வேலை முதலில் இருக்கும்,
மோட்டாரை அப்புறம் தேடுவோம்.
இங்கே மோட்டார் வந்து குந்திவிட்டது.

முதலில் சாணைக்கல்.
குமிழைக் கடைசிவரை திருகினேன்.
பொறி பறந்தது; அரிவாளின் வாய் நீலம் பூத்தது.
நீலம் பூத்த இரும்பு கீரைத்தண்டைக்கூட வெட்டாது.
மேரி அதை வைத்துத்தான் இப்போது
சட்டியின் அடிப்பிடியைச் சுரண்டுகிறாள்,
எனக்குக் கேட்கும்படி.

அப்புறம் கடைசல்.
வேப்பங்கட்டையை இரண்டு முளைக்கு நடுவே நிறுத்திப்
பூரிக்கட்டை கடைந்தேன்.
மையம் அரை நூல் தள்ளிப்போனது.
பூரி எல்லாம் ஒரு பக்கம் மட்டும் உப்பின.
சின்னவன் அந்தப் பக்கத்தையே தேடித் தின்றான்.

பித்தளை மெருகேற்றத் துணிச்சக்கரம் மாட்டினேன்.
தூசி முகத்தில் அடித்தது.
திசையை மாற்றினால் போச்சு என்று
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தேன்.
மோட்டாரின் கனத்த இரும்புச் சக்கரம்
தன் மரையைத் தானே கழற்றிக்கொண்டு
(இடது மரை. பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை)
ஆத்தங்குடிக் கல்லில் பூவுக்குப் பூ தாண்டி
வாசற்படி இறங்கிப் போய்
சேவுகன் ஸ்கூட்டரில் முட்டி நின்றது.
தெருவில் யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் பேசினார்கள்.
சைலன்சருக்கு அறுநூற்றைம்பது.

சக்கரத்தைத் திரும்ப மாட்டினேன்.
ஓட மறுத்தது.
கரன்ட் இருக்கிறது. ஃப்யூஸ் இருக்கிறது. கார்பன் தேயவில்லை.
மூன்று நாள் டெஸ்டரும் கையுமாக.
நாலாம் நாள், கடுப்பில்,
குமிழைப் பின்னால் சுழற்றிப் பூஜ்யத்தில் இடித்தேன்.
எங்கோ ஒரு 'டிக்'.
மெல்லத் திருப்ப, ஓடியது.

விட்ட வேகத்திலிருந்து அது தொடங்காது.
ஏறி நிற்கிறவர் சறுக்கி விழாமலிருக்க
எவனோ பலகைக்குள் வைத்த கட்டு.
அப்போதுதான் குமிழின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன்.
நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி,
பூஜ்யத்துக்கு ரொம்பக் கிட்டே.
'இதுக்கு மேலே வேண்டாம்' என்று
யாரோ யாருக்கோ வைத்தது.
என் கை அதுவரை அங்கே நின்றதே இல்லை.

கத்திரியில் எங்கள் மின்விசிறி கருகியது.
முப்பத்தாறு கேஜ் கம்பி மயிர் மாதிரி;
கையால் சுற்றினால் தளரும், வேகமாய்ச் சுற்றினால் அறும்.
குமிழைப் புள்ளியில் வைத்தேன்.
மோட்டார் பாரம் உணராமல்
செம்பை இழுத்து இழுத்துப் படுக்கவைத்தது.
ஒரு காயிலுக்கு முந்நூற்றெண்பது சுற்று.
மேரி எண்ணினாள், நான் கம்பியைப் பிடித்தேன்.
இருவருக்கும் வியர்வை ஒரே தரையில் சொட்டியது.

இருநூற்றுப் பதினாலில் காஜா போன் செய்தான்:
"இன்னொரு மிஷின் வந்திருக்கு, சூசை. இதைவிடப் பெருசு."
"எவ்வளவு?" என்றேன்.
"எவ்வளவு?" என்று என்னிடம் திரும்பினாள் மேரி,
எண்ணிக்கை விட்டுப்போய்.

எனக்கும் தெரியவில்லை.
பின்னால் சுற்றினால் சக்கரம் கழன்று
மறுபடி சேவுகன் வீட்டுக்குப் போகும்.
குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
பிரிப்பது கையால்தான்.
அவள் நுனியை எடுத்துக்கொண்டு
அடுப்படி வரை நடந்தாள்.