நாற்பத்தோராம் அடிக்குறிப்பு

சுவான்ஸீ ஹை ஸ்ட்ரீட்டில் மூடிப்போன காலணிக் கடை ஒன்று.
புதன்கிழமை மாலைகளில் அது எங்கள் சட்ட உதவி மையம்.
நான்கு மேசை, ஒரு கெட்டில்,
கடை போன பின்னும் போகாத தோல் வாசனை.
கால்களை மட்டும் காட்டும் தாழ்ந்த கண்ணாடிகள்
இன்னும் சுவரோரம் நிற்கின்றன.
வருகிறவரை முதலில்
நனைந்த காலணிகளாகத்தான் பார்க்கிறோம்.

அன்று வந்தவர் கெதின் ப்ராஸர்.
தகரத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இரவு ஷிஃப்ட்.
ரொட்டிப் பையில் கொண்டுவந்திருந்தார்
தன் படுக்கையறைச் சன்னலில் ஒரு துண்டை.
மேசையில் வைத்து விரலால் அழுத்தினார்.
மரம் கேக் மாதிரி உள்ளே போனது.

சட்டம் இற்றுப்போய்க் கிடக்கிறது
என்று மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன்.
சிரிப்பு வந்தது.
சன்னல் மரத்துக்கும் நாடாளுமன்றத் தாளுக்கும்
ஒரே பெயர் வைத்த மொழி
அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எயிரா குறிப்பெடுத்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி.
எப்போதிலிருந்து ஈரம், யாருக்கு எத்தனை கடிதம்,
இருமல் இரவிலா பகலிலா.
நான் சொல்லித்தராத ஒன்றையும் கேட்டாள்:
"சன்னலுக்கு வெளியே என்ன தெரியும்?"
"கடல்," என்றார். "தெரிந்தது."

கடிதம் போனது.
பதினெட்டாம் நாள் பதில் வந்தது, கனத்த தாளில்,
வீட்டுக்காரரின் கார்டிஃப் வழக்கறிஞர்களிடமிருந்து.
'மனிதர் குடியிருக்கத் தகுந்தது' என்ற சொற்றொடர்
ஒரு சன்னல் மரம் வரை நீளாதாம்.
ஆதாரம்: ஒரு கட்டுரை,
பக்கம் 212, அடிக்குறிப்பு 41.
என் கட்டுரை.

ஒன்பது வருடத்துக்கு முன்,
பணி நிரந்தரமாக ஒரு கட்டுரை குறைந்த கோடையில்,
பல் முளைக்கும் காய்ச்சலோடு மகன் தோளில் கிடக்க,
ஒற்றைக் கையால் தட்டிய வரி:
"தனியொரு சன்னலின் சிதைவு மட்டும் போதாதென்றே தோன்றுகிறது."
ஆறு பேர் படித்திருப்பார்கள் அதை.
இருவர், படித்தே ஆகவேண்டிய மதிப்பீட்டாளர்கள்.
ஏழாவது ஆள் கார்டிஃபில் இருந்திருக்கிறார்.

'தோன்றுகிறது' என்று ஏன் எழுதினேன்?
அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
தூக்கம்தான் வந்தது.

எயிரா கடிதத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
பிறகு மரியாதை குறையாமல் கேட்டாள்:
"நீங்கள் சொன்னது தப்பென்று
மேற்கோள் காட்ட ஏதாவது இருக்கிறதா?"

இல்லை.
மறுக்கும் அளவுக்குக்கூட
யாரும் அதை மதித்ததில்லை.

அன்றிரவு உட்கார்ந்தேன்.
நீதிமன்றத்தில் நடப்பதும் வழக்கு,
ஊர் வாயில் புழங்குவதும் வழக்கு.
இரண்டாவதைக் கேட்காமல்
முதலாவதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்!
'வீடு' என்று கெதின் சொன்னபோது
அதில் ஒரு சன்னல் இருந்தது.
திறக்கிற சன்னல்.

நாலு பக்கம். முதல் வரி:
"இதன் ஆசிரியர் முன்பு கூறியது பிழை."
'தோன்றுகிறது' இல்லாமல் நான் எழுதிய
ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம்.
எயிரா இரண்டு கமாக்களை நீக்கி அனுப்பினாள்.

வழக்கு நடக்கவில்லை. தீர்ப்பும் இல்லை.
ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல்,
ஏணியோடு தச்சர் ஒருவர் வந்து இறங்கியதாக
கெதின் தொலைபேசியில் சொன்னார்.
எங்கள் நாலு பக்கத்தை யாராவது படித்தார்களா,
இல்லை, வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டாரா வீட்டுக்காரர்?
தெரியாது.

ஆண்டறிக்கைப் படிவத்தில்
'சமூகத் தாக்கம்' என்றொரு கட்டம்.
சான்று இணைக்கவும்.
ரொட்டிப் பை என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது,
உள்ளே கொஞ்சம் மரத்தூள்.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

இன்று புதன்கிழமை. மழை.
தாழ்ந்த கண்ணாடியில்
ஒரு ஜோடி பெரிய காலணி, பக்கத்தில்
சின்னதாய் ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸ்,
வாசலிலேயே தயங்கி நிற்கின்றன.
எயிரா கெட்டிலைப் போடுகிறாள்.