பதினான்கு கிராம்

தெமட்டகொடை யார்டுக்குப் பின்னால்
ரயில் ஓடாத ஒரு தண்டவாளம்.
அதன்மேல் ஏறிப் படுத்திருக்கிறது கொடி.
பூ ஊதா. சங்குப்பூவுக்கு
ஒன்றுவிட்ட தங்கைபோல முகம்.
பெயர் எனக்குத் தெரியாது.
முசல்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பதுளை ரயில் போன கையோடு
உரப்பையும் கத்தியுமாய் இறங்குவேன்.
கேட் காவலர் விமலசேன
பார்க்காததுபோலப் பார்ப்பார்.
ஒருநாள் கேட்டேவிட்டார்: மாட்டுக்கா?
மாடு நாலாம் மாடி ஏறாது என்றேன்.
சிரித்தார்.
மறுநாள் முள்ளில்லாத இடமாய்க் காட்டினார்.

பெலட் மூட்டை விலை
என் சம்பளத்தை எட்டிப் பார்த்த மாதம் அது.
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இரண்டு கூடு.
தாயிடமிருந்து பிரித்து ஒரு கிழமையான குட்டிகள்
கூட்டுக்கு நாலு.
இடதுக்குக் கினிப்புல் மட்டும்.
வலதுக்குப் புல் பாதி, கொடி பாதி.
ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம்,
கொடி எட்டுக்கும் போதவில்லை.

ஜெஸீமா கேக்குக்கு மா நிறுக்கும் தராசில்
சோற்றுக் கோப்பையில் குந்தவைத்து நிறுத்தேன்.
காதைப் பிடிக்காதீங்க, பிள்ளைத்தாச்சியைப்போல
அடியில கை குடுத்துத் தூக்குங்க என்றாள்.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
இடது, நாளுக்கு ஏழு கிராம்.
வலது, பதினான்கு.
பிழையாய் இருக்குமென்று
தராசின் பற்றரியை மாற்றிப் பார்த்தேன்.
பதினான்குதான்.

மழைநாளில் ஈரத்தோடு போட்டதும் நான்தான்.
வலது கூட்டில் ஒன்று வயிறு ஊதி
விடியுமுன் விறைத்துக் கிடந்தது.
அதற்குப் பிறகு
குளியலறைக் கொடியில் என் சேர்ட்டுக்குப் பக்கத்தில்
இலைக்கொத்துகள் ஒரு பகல் வாடுகின்றன.
கிளிரிசீடியா பச்சையாய் இருந்தால்
முகர்ந்துவிட்டு முதுகு காட்டும்.
வாடினால் சண்டை பிடித்துத் தின்னும்.
இபில் இபில் ஒரு பிடி, அதற்குமேல் இல்லை.
ஆசைப்பட்டு அள்ளிப் போட்டவனின் கையில்
முசலின் ரோமம் கழன்று வரும்.

ஒருமுறை வேரோடு பிடுங்கினேன்.
கடுகைவிடப் பெரிய முடிச்சுகள், நிறைய.
நகத்தால் கீறினால்
உள்ளே இளஞ்சிவப்பு. இறைச்சியின் நிறம்.
கருங்கல்லும் டீசல் எண்ணெயும் தவிர
ஒன்றுமில்லாத இடத்தில்
காற்றைத் தின்று இது
சதைக்கு வழி செய்துகொண்டிருக்கிறது.

புதன்கிழமை கிளினிக்.
மகள் இஃப்பத்தைத் தொங்கும் தராசில் இட்டு
மிட்வைஃப் மிஸ் கார்ட்டில் ஒரு புள்ளி வைத்தார்.
போன மாதப் புள்ளிக்கு நேரே பக்கத்தில்.
ஏறவேண்டிய கோடு
களைத்துப் படுத்துவிட்டது.
பருப்பு குடுக்கிறீங்களா, கடலை, கௌப்பி?
ஜெஸீமா என்னைப் பார்க்கவில்லை.
குடுக்கிறோம் மிஸ் என்றேன்.
கடையில் நூறு கிராமாய்ச் சுருட்டித் தரும் பருப்பு
மூன்று நாளைக்கு
மஞ்சள் தண்ணீராய் வரும் என்று சொல்லவில்லை.

அன்றிரவு கரண்ட் பில்லை எடுத்து
இடது, வலது பக்கத்தில்
பென்சிலால் இன்னொரு நிரல் கீறினாள்.
தலைப்பு வைக்கவில்லை.
இலக்கமும் எழுதவில்லை.

காலையில் கேட்டையும் தாண்டி
பேஸ்லைன் பாலம்வரை நடந்தேன்.
வலது கூட்டின் பெரியதை
வெள்ளவத்தைக் கடைக்காரன் சனிக்கிழமை எடுப்பான்;
பருப்பு ஒரு கிலோ, கௌப்பி அரை, கேட்டு வைத்தாயிற்று.
உரப்பை நிறையக் கொடி.
வாடவைத்து, அந்தியில்
இடது கூட்டுக்கும் போட்டேன்.

கணக்குக் கெட்டுப்போயிற்று.
நாலும் தலை நிமிராமல்
மென்றுகொண்டே இருந்தன.