அட்டையில் இல்லாத வசனம்

எமில் ஹாவ்ரானெக் நன்றாகச் சாவான்.
குதிரையிலிருந்து, கூரையிலிருந்து,
மதுக்கடைப் படிகளில் உருண்டு.
ஒரு சாவுக்கு ஐந்து டாலர்.
கண்ணாடி உடைத்துக்கொண்டு விழுந்தால் ஏழரை.

கடைசி மூச்சில் அவன் உதடு அசையும்.
"நான் கோழையல்ல என்று அம்மாவிடம் சொல்"
என்று அட்டை வரும்.
அரங்கமே மூக்கைச் சிந்தும்.

ஒமாஹாவில், மூன்றாம் வரிசையில்,
ஒருத்தி மட்டும் சிரித்தாள்.
லெட்டி க்வார்ல்ஸ். பிறவியிலேயே காது கேளாதவள்;
தன் சிரிப்பின் சத்தம் தெரியாதவள்.

கடிதம் போட்டாள்:
ஐயா, சாகும்போது நீங்கள் சொன்னது
'முதுகில் கல் குத்துது, சாப்பாடு எப்போ?'
அப்புறம் செக் மொழியில் ஏதோ வசவு.
அதுதான் பிடிபடவில்லை.

அதன்பின் அவன் செத்ததெல்லாம்
மூன்றாம் வரிசைக்காக.
தொண்டையில் அம்போடு,
"வாடகை ஏறிவிட்டது, லெட்டி."
தூக்குமேடையில்,
"இங்கே எலுமிச்சை பூத்திருக்கிறது. வாயேன்."

வந்தாள். ஒரு பெட்டி, இரண்டு தொப்பி.

பிறகு படம் பேசக் கற்றது.
எமில் வாய் திறந்தான்;
ஒலிப்பதிவுக்காரன் காதிலிருந்ததைக் கழற்றி வைத்தான்.
அட்டைகளும் நின்றன.
அவனுக்கு வேலை போன அதே வருடம்
அவளுக்கு சினிமா போயிற்று.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி, பாதி விலை.
எமில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து
நாயகன் பேசுவதையெல்லாம்
ஓசையில்லாமல் பேசுகிறான்.
பாதி அவன் சொந்தச் சரக்கு.
திரையின் வெளிச்சம்
இன்னும் அவன் கன்னத்தில் விழத்தான் செய்கிறது.

எல்லோரும் அழும் இடத்தில் அவள் சிரிக்கிறாள்.
பின்வரிசை "உஷ்" என்கிறது.
யாரிடம்?