இலையுதிர்காலம், கையால்

குன்று என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
புக்கிட் பாத்தோக்கில், எங்கள் புளோக்குக்குப் பின்னால்
வடிகாலுக்கும் நடைபாதைக்கும் நடுவே
சமூகத் தோட்டத்துக்கு விட்ட சரிவில்
எங்கள் பங்கு முப்பது அடி செம்மண்.
பெருமழை பெய்தால் அதிலும் கொஞ்சம் கீழே போய்விடும்;
அருளப்பன் வாளியில் அள்ளிக்கொண்டு மேலே வருவான்.

ஏழு திராட்சைக் கொடிகள்.
தாம்சன் சாலை நர்சரியில் ஒன்று பதினெட்டு வெள்ளி.
கம்பத்திலிருந்து வந்ததா என்று கேட்டவர்களிடம்
இல்லை என்றேன். முகம் வாடிப்போனார்கள்.

இந்த ஊரில் கொடிக்கு உறக்கம் வராது.
குளிர் கிடையாது.
மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் வித்தியாசம்
பேரங்காடி அலங்காரத்தில்தான் தெரியும்.
போதாததற்குத் தெருவிளக்கு, விடியவிடிய.
பச்சைக்கு மேல் பச்சையாகத் தழைத்துக்கொண்டே இருக்கும்
பூக்க மறந்து.

நானும் அந்த வருடம் அப்படித்தான்.
துவாஸில் இரவு ஷிப்ட் முடித்து வந்து
ஒன்பதரைக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால்
இமைக்குள் குழல்விளக்கு எரியும்.

பெனிட்டாதான் படித்துச் சொன்னாள், என் நாத்தனார்,
எதற்கும் ஒரு நோட்டுப் போடுகிறவள்:
"உறங்கவைக்கணும் அண்ணி.
இலையெல்லாம் உருவிடணும்.
கொம்பை ரெண்டு கணு விட்டு வெட்டணும்.
பன்னிரண்டு நாள் தண்ணி கிடையாது."
தண்ணீர் கிடையாதாம், சிங்கப்பூரில்!
வானத்திடம் யார் போய்ச் சொல்வது?
குளியலறைத் திரைகள் நான்கு வாங்கிக் கூரை கட்டினோம்.
நீல மீன்கள் போட்டவை. வேறு டிசைன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து, மூன்று பேரும்.
நல்ல இலைகள். ஒரு புள்ளி நோய் இல்லை.
ஒவ்வொரு காம்பும் ஒடியும்போது
விரல் நெட்டி முறிக்கிற சத்தம்.
நாயோடு வந்த சீனத்து அம்மாள்
ஏன் கொல்கிறீர்கள் என்று கேட்டாள்.
கன்னத்தில் கை வைத்து, தலை சாய்த்துக் காட்டினேன்.
நாயைக் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் ஏழு குச்சிகள் நின்றன.
அன்றிரவு நானும் தூங்கினேன் என்று எழுதினால்
கவிதைக்குப் பொருந்தும்.
இல்லை. ஆறேமுக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

பதினாறாம் நாள் ஒரு கணுவில் வீக்கம்,
கொசு கடித்தது போல.
பிறகு எல்லாக் கணுவிலும்.
பிறகு பூ. பூ என்று சொன்னால்தான் பூ.
பிறகு மைனாக்கள் எடுத்தது போக
நான்கு கிலோ; ஒரே குலையில்
பாதி கறுப்பு, பாதி இன்னும் பிடிவாதப் பச்சை.

மிதிக்கவெல்லாம் இல்லை. பருப்பு மத்தால் கடைந்தோம்.
கண்ணாடி ஜாடி சமையலறைத் தொட்டிக்கு அடியில்
ஆறு நாள் தனக்குத்தானே முணுமுணுத்தது.
வீடு முழுக்க ஈஸ்ட் வாசம்.
கீழ்வீட்டுக்காரர் ரொட்டி சுடுகிறீர்களா என்றார்.

இரண்டு பாட்டில் தேறியது.
அருளப்பன் முதல் மடக்கு குடித்தான்.
ஒரு கண் மூடியது, மறு கண் கலங்கியது.
"வேதத்தில் சொன்ன திராட்சை ரசம் இல்லடி இது," என்றான்,
"மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் சரியான ரசம்."
ஆனாலும் டம்ளரை நீட்டினான்.
வாவல் மீன் குழம்போடு ஒரு பாட்டில் அன்றே தீர்ந்தது.
அடியில் மண்டி, அதற்கும் அடியில்
எங்கள் சரிவின் நிறத்தில் ஏதோ கொஞ்சம்.

இரவு பெனிட்டாவின் நோட்டைப் புரட்டினேன்.
அடுத்த இலையுதிர்ப்புக்கு நாள் குறித்திருக்கிறாள்,
ஏழு கொடிகளுக்கும் எண் போட்டு.
எட்டாவதாக என் பெயர்:
பன்னிரண்டு நாள், லீவு சொல்லிவிடவும்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்,
தண்ணீர் மட்டும் எனக்கு உண்டு என்று.